கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில்

காஸ் தீப்பிடித்தால் வெடி வெடித்த மாதிரி சத்தம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கேட்டது அப்படி இல்லை. மொட்டை மாடியில் நின்று பெரிய ஜமக்காளம் ஒன்றை ஒரே உதறாக உதறினால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என் கைகளைப் பார்த்தேன்.

என் பெயர் ஏழுமலை. வீடுகளுக்குக் குழாய் வழியாக இயற்கை எரிவாயு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பைப்லைன் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். இப்போது சைட் சேஃப்டி சூப்பர்வைசர். அதற்கு முன் பதினைந்து வருஷம் குடிநீர்க் குழாய் போடுகிற வேலை. மண்ணைத் தோண்டுவதும் குழாயை இணைப்பதும் எனக்குப் புதிதல்ல. தண்ணீர்க் குழாய் உடைந்தால் துணி நனையும், அவ்வளவுதான். காஸ் அப்படியில்லை என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அந்தப் பாடம் மண்டையில் ஏறவில்லை. தோலில்தான் ஏறியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் தப்பையும் சேர்த்து.

1. இடுப்பில் கட்டிய சட்டைக் கை

மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து. சித்திரை மாதம், மதியம் பன்னிரண்டு மணி. ஒரு புது அடுக்குமாடி வீட்டுக்கு லைன் கொடுக்க வேண்டும். மெயின் லைனில் காஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழாய். அதை வெட்டுவதற்கு முன் 'ஸ்க்வீஸ்' என்ற கருவியால் நசுக்கி, காஸை நிறுத்த வேண்டும். இரும்புக் கிடுக்கி மாதிரி இருக்கும், கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இறுகும்.

பிளாஸ்டிக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. உள்ளே காஸ் வேகமாக ஓடும்போது குழாயின் மேல் மின்னேற்றம் சேரும். ஸ்டாட்டிக் என்போம். அது பொறியாகத் தாவினால் போதும். அதனால் ஈரப் பருத்தித் துணியைக் குழாயில் சுற்றி, அதன் நுனியை மண்ணில் படவிட்டு, வேலை முடியும்வரை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்குத் தீப்பிடிக்காத துணியில் தைத்த கவரால் கொடுத்திருந்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு குழிக்குள் உட்காருவது எப்படி இருக்கும் என்று போட்டவர்களுக்குத் தெரியும். அதனால் எல்லாரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஜிப்பை இறக்கி, மேல் பாதியைக் கழற்றி, இரண்டு கையையும் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவோம். மேலே டி-சர்ட். அன்று நான் போட்டிருந்தது பாலியெஸ்டர் டி-சர்ட். கையுறையும் கழற்றி வைத்தாயிற்று.

என்னோடு இருந்தவன் தேசிங்கு. சைதாப்பேட்டைக்காரன், பிளாஸ்டிக் குழாய் வெல்டிங்கில் கை தேர்ந்தவன். குழி ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னான்.

"அண்ணா, துணி காஞ்சிக்கினு கீது பாரு. தண்ணி எட்த்தாரட்டா?"

"இன்னும் ரெண்டு சுத்துதாண்டா. முடிஞ்சிடும்."

அவன் கேட்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். போனதால் தப்பித்தான். அவன் நாலடி போயிருப்பான், அந்தச் சத்தம் வந்தது.

குழிக்குள்ளிருந்து எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. வலிக்கவும் இல்லை. டி-சர்ட் உருகி, நெஞ்சிலும் தோளிலும் கறுப்பு நூலாக ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே காயம் ஒன்றுமே இல்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் கோடு கிழித்த மாதிரி, கீழே நல்ல தோல், மேலே வெந்த தோல்.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் டூத் பேஸ்ட் கொண்டுவந்தார். தோசை மாவு கொண்டுவா என்றது இன்னொரு குரல். அப்போது எதிர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு மாமி வந்தார். வசந்தா என்று பெயர், பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்தது அவர் குரல் மட்டும்தான்.

"யாரும் அவனைத் தொடப்படாது! மாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்தப் பக்கம் வா நீ. குழாயடியில உக்காரு."

தோட்டத்துக் குழாயைத் திறந்து என் கைகளின் மேல் விட்டார். தேசிங்குவிடம் ஹோஸைக் கொடுத்து, "நெஞ்சுல மெதுவா விட்டுண்டே இரு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றார். தேசிங்கு அழுதுகொண்டே, ஒட்டியிருந்த சட்டைத் துணியைப் பிடித்து இழுக்கப் போனான்.

"இழுக்காதே! தோலோட வந்துடும். ஒட்டிண்டிருக்கறதை அப்படியே விடு." பிறகு என் பக்கம் குனிந்தார். "மோதிரம் இருக்கே, அதைக் கழட்டிடறேன். இன்னும் கொஞ்ச நாழியில விரல் வீங்கிடும். உன் பேரென்ன? சத்தமாச் சொல்லு."

"ஏழுமலைம்மா."

"இன்னொரு தரம் சொல்லு."

இந்த நேரத்தில் எதற்குப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. சூடான காற்று தொண்டைக்குள் போயிருந்தால் குரல் கம்மும், மூச்சு அடைக்கும், அதைத்தான் சோதித்தார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிஷம் என்னைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். பிறகு துவைத்த வெள்ளை வேட்டியால் தளர்வாக மூடி அனுப்பினார். உங்கள் விரல்கள் பிழைத்ததில் பாதி அந்தத் தண்ணீரால்தான் என்றார் டாக்டர்.

2. வார்டு

இதை விரிவாக எழுதப் போவதில்லை. கட்டுப் பிரிக்கும் நேரம் நெருங்கும்போது, தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டாலே எனக்கு வியர்த்துவிடும். தொடையிலிருந்து தோல் எடுத்து இடது கையில் ஒட்டினார்கள். முகத்தில் புருவம் போனது, பிறகு வளர்ந்தது. விரல்கள் மடங்காமல் விறைத்துக்கொண்டன. பிசியோதெரபிக்கு வந்த பெண் தினமும் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். முதல் வாரம் பந்துதான் ஜெயித்தது.

வார்டில் ஒருநாள் கண்ணாடி கேட்டேன். என் மனைவி கஸ்தூரி கைப்பையைத் துழாவினாள், இல்லை என்றாள். அவள் பையில் எப்போதும் கண்ணாடி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மறுபடி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு கஷ்டம் தெரிந்தது. நாங்கள் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்து பெரும்பாக்கம் அரசு அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு அறை வீடு. சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நாலடி தூரம்தான். காலையில் கஸ்தூரி அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை 'டிக்' என்று அமுக்கினால், நான் எழுந்து வராந்தாவுக்கு ஓடிவிடுவேன். நான் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு காபி வரும். பிறகு ஒருநாள் லைட்டரை என்னிடம் நீட்டினாள்.

"நீயே பத்த வெய்யி. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

பற்றவைத்தேன். மறுநாளும் வைத்தேன். அதன் பிறகு காலை அடுப்பு என் வேலை ஆகிவிட்டது, இன்றைக்கும் அப்படித்தான்.

3. ஸ்டோர் வேண்டாம்

ஏழு மாதம் கழித்து ஆபீஸுக்குப் போனேன். ஏரியா மேனேஜர் ராகவன் சார் நல்ல மனுஷர், எனக்காக ஒரு நாற்காலி தயாராக வைத்திருந்தார்.

"ஸ்டோர்ல உக்காருங்க ஏழுமலை. ஃபேன் இருக்கு. சாமான் வர்றது போறதைப் பாத்துக்கிட்டாப் போதும். சம்பளத்துல குறையே இருக்காது."

வேண்டாம் என்றேன். சைட்டில்தான் வேலை வேண்டும், சேஃப்டி சூப்பர்வைசர் பரீட்சை எழுத அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"இதுக்கப்புறமுமா?"

"ஸ்டோர்ல உக்காந்தா என் கையை யாரும் பாக்கமாட்டாங்க சார். சைட்ல நின்னா எல்லாரும் பாப்பாங்க."

வீட்டில் அன்று பெரிய சண்டை. "இன்னாய்யா, மறுபடியும் அந்தக் குழிக்கேவா?" என்று கேட்டுவிட்டு, கஸ்தூரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பரீட்சைப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஐ.டி.ஐ. முடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. விறைத்த விரலில் பேனா நிற்காது. பேனாவைச் சுற்றித் துணி சுற்றி, தடிமனாக்கி எழுதிப் பழகினேன். முதல் தடவையே பாஸ்.

சூப்பர்வைசராகப் போன முதல் சைட் அடையாறில். போய்ப் பார்த்தால் ஐந்து பேர், ஐந்து இடுப்பிலும் முடிச்சு. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நானே அப்படிக் கட்டியவன்தானே. வெயில்தான் எங்கள் எல்லாரையும் கழற்றவைத்தது. அதனால் மூன்று விஷயம் கேட்டு வாங்கினேன். காஸ் ஓடும் லைனில் கைவைக்கும் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். குழிக்கு மேல் நிழலுக்குப் பந்தல் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றி, மோர் கொடுக்க வேண்டும். இது மூன்றும் வந்த பிறகு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்று என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. கேட்காதவர்களிடம் நான் பேசுவதில்லை. என் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பேன்.

4. கோபாலபுரம்

இது நடந்தது ஒரு வேலைநாளில். காலை பதினொரு மணிக்கு போன் வந்தது. கோபாலபுரத்தில் ஒரு தெருவில் கேபிளுக்காகத் தோண்டிய ஜே.சி.பி. எங்கள் மஞ்சள் குழாயைக் கிழித்துவிட்டது. நானும் தேசிங்குவும் இன்னும் இரண்டு பேரும் எமர்ஜென்ஸி வண்டியில் போனோம். தெருமுனையிலேயே வாடை. குழிக்குள்ளிருந்து குக்கர் விசில் நிற்காமல் அடிக்கிற மாதிரி சத்தம். எதிரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஜன்னலில் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் குழந்தைகளைப் பின்வாசல் வழியாகக் காற்று வரும் திசைக்கு அனுப்பச் செய்தேன். டீக்கடை அடுப்பை அணைத்தோம். ஜே.சி.பி. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தி, செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று. ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி நகர்த்தப் போன ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையைப் பார்த்ததும் சாவியை எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

காஸ் கசிவைக் காட்டும் மீட்டரைக் குழி ஓரத்தில் நீட்டினால், நிறுத்தாமல் கத்தியது. தெருவைத் தாண்டிப் போய் ராகவன் சாருக்குப் போன் போட்டு, வால்வை மூட அனுமதி கேட்டேன்.

"வால்வை மூடினா அந்த ஏரியா மொத்தமும் நின்னுடும் ஏழுமலை. ரெண்டு ஹாஸ்டல், ஒரு ஆஸ்பத்திரி கேன்டீன். சமையல் நேரம். அந்தக் குழியிலயே இறங்கி ஸ்க்வீஸ் பண்ணிடுங்க, பத்து நிமிஷ வேலை."

"இறங்க முடியாது சார்."

"நான் பொறுப்பு எடுத்துக்கறேன்."

"குழியில இறங்கறது நீங்க இல்லயே சார். எங்க ஆளு. வேலையை நிறுத்திட்டேன். மூடச் சொல்லுங்க."

பெரிய அதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "சரி. மூடச் சொல்றேன்" என்றார்.

வால்வை மூடியும் காஸ் முழுவதும் நிற்கவில்லை. மறுபக்க லைனிலிருந்து கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. அதனால் உடைந்த இடத்திலிருந்து பத்தடிக்கும் அதிகமாகத் தள்ளி, கையாலேயே புதுக் குழி தோண்டினோம். ஒரு மணி நேரம் பிடித்தது. மாடியிலிருந்து ஒருவர், "இன்னும் எவ்ளோ நேரம்யா? அரிசி ஊறிக்கினு கீது" என்று கத்தினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குழி தயார் ஆனதும் மீட்டர் பார்த்தேன். அங்கே காஸ் இல்லை. ஈரத்துணி சுற்றினோம், ஒரு ஆள் தண்ணீர் தெளிக்க மட்டும். தேசிங்கு இறங்கினான். கவரால் கழுத்துவரை, தலையையும் கழுத்தையும் மூடும் துணி முகமூடி, அதற்கு மேல் பிளாஸ்டிக் முகக் கண்ணாடி, கையுறை.

"உள்ள இட்லி மாரி வேகறேண்ணா."

"பரவால்ல, வேவு. மேல வந்தா மோர் கீது."

நான் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு அவன் தலைக்கு மேல் நின்றேன். கைப்பிடி சுற்றச் சுற்ற அந்த விசில் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில், 'வப்'. எனக்குத் தெரிந்த அதே சத்தம்.

குழாய் உடைந்த பழைய குழியில் தீ எழுந்தது. தளர்ந்த மண் வழியாகக் கொஞ்சம் காஸ் எங்கள் பக்கமும் வந்திருக்க வேண்டும். நீல நிறத்தில் ஒரு அலை தரையோடு ஓடிவந்து தேசிங்குவின் குழிக்குள் இறங்கி, அவனை முழுசாக மூடிக்கொண்டு, அணைந்தது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ.

"ஏறுடா! மேல ஏறு!"

"ரெண்டு சுத்துண்ணா!"

அவன் ஏறவில்லை. சுற்றினான். பழைய குழியில் எரிந்துகொண்டிருந்த தீ குட்டையாகி, விளக்குத் திரி அளவாகி, நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது. பிறகுதான் அவன் மேலே வந்தான்.

கவரால் முழுக்கப் பழுப்பேறியிருந்தது. முகக் கண்ணாடி சுருங்கியிருந்தது. கழற்றினேன். உள்ளே அவன் முகம் வியர்த்து வழிந்துகொண்டு, அப்படியே முழுசாக இருந்தது. புருவம்கூடப் போகவில்லை.

"பேரு இன்னாடா உனக்கு? கத்திச் சொல்லு."

"தேசிங்கு! இன்னாண்ணா, மறந்துட்டியா?"

நான் அவனைக் கட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, சொன்னபோது ஏன் ஏறவில்லை என்று தெருவே கேட்கத் திட்டினேன். ஏறச் சொன்னால் ஏற வேண்டும், அதுதான் சட்டம், இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அவன் சுற்றிய அந்த இரண்டு சுற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பழைய குழியை எட்டிப் பார்த்தோம். ஜே.சி.பி. ஓட்டுநரின் ரப்பர் செருப்பு உள்ளே கிடந்தது. உருகி மண்ணோடு தட்டையாக ஒட்டியிருந்தது. தீ எதனால் பிடித்தது என்று உறுதியாகத் தெரியவில்லை. கிழிந்த முனையில் சேர்ந்த ஸ்டாட்டிக் காரணமாக இருக்கலாம் என்று பிறகு எழுதினார்கள்.

மாலை நாலு மணிக்கு லைன் சரியாகிவிட்டது. அரிசி ஊறவைத்தவர் மாடியிலிருந்து கையாட்டினார்.

5. ஒரு கொப்புளம்

வண்டியில் ஏறும்போதுதான் தேசிங்கு இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். கையுறை முடியும் இடத்துக்கும் சட்டைக் கை தொடங்கும் இடத்துக்கும் நடுவில், வளையல் மாதிரி சிவந்து, ஒரு கொப்புளம். தண்ணீரில் பிடித்தோம், டாக்டரிடம் காட்டினோம், பெரிதாக ஒன்றுமில்லை.

"எழுதாதண்ணா" என்றான் தேசிங்கு. "ஒரு கொப்புளம். வேலை குடுக்காம உக்கார வெச்சிடுவாங்க."

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு போர்டு உண்டு. காயமில்லாத நாட்கள் எத்தனை என்று தினமும் எண் மாறும். அந்த ஏரியாவில் எனக்குப் பிறகு யாருக்கும் காயமில்லை. எண் பெரிதாக வளர்ந்திருந்தது, எல்லாருக்கும் அதில் பெருமை. ராகவன் சார் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். முதலில் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"இன்னிக்கு நான் சொன்னதை நீங்க கேட்டிருந்தா, இந்த நேரம் நான் தேசிங்கு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருப்பேன். ரெண்டாவது விஷயம். ரிப்போர்ட்ல காயம் இல்லைன்னு போட்டுடலாமா? ஒரு கொப்புளத்துக்குப் போர்டைப் பூஜ்யமாக்கணுமா?"

"ஆமா சார். ஆக்கணும்."

"ஏன்?"

மேஜை மேல் தேசிங்குவின் கையுறையும் கவராலும் இருந்தன. கவராலை நானே போட்டுக்கொண்டேன், கையுறையை மாட்டினேன், குழிக்குள் ஸ்க்வீஸ் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் கீழே நீட்டினேன். சட்டைக் கை மேலே ஏறியது. இரண்டு விரல் அகலத்துக்கு என் மணிக்கட்டு தெரிந்தது.

"இன்னிக்கு ஒரு நொடி சார், அதான் கொப்புளம். நாளைக்கு அஞ்சு நொடின்னா நரம்பு போயிடும். ஸ்டோர்ல கீற எல்லாக் கையுறையும் இதே அளவுதான். நாம எழுதலைன்னா இந்த ரெண்டு விரல் யாருக்கும் தெரியாது."

அவர் குனிந்து, அந்த இடைவெளியில் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் போர்டில் பூஜ்யம். மற்ற குழுக்காரர்கள் ஒரு வாரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை. தேசிங்குவை உட்காரவைக்கவில்லை, நாலாம் நாளே வேலைக்கு வந்தான். ஆனால் ஒரு மாதம் கழித்துத் தலைமை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் குழியில் இறக்கி, கையை நீட்டச் சொல்லி, போட்டோ எடுத்தார்கள். எல்லார் கையிலும் அந்த இடைவெளி இருந்தது, சிலருக்கு மூன்று விரல். அவ்வளவு நாளாக நாங்கள் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை.

பெரிய காயத்தை யாராலும் மறைக்க முடியாது, ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதிவிடுவார்கள். சின்னக் காயத்தை எழுதுவதா விடுவதா என்பதுதான் நம்மிடம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் கற்றது இதுதான். கொப்புளத்தை எழுதுங்கள். சுட்டது எங்கே, எவ்வளவு அகலம், கை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். யார் முகம் சுளித்தாலும் எழுதுங்கள்.

புதுக் கையுறைக்கு அளவு கேட்டு ஸ்டோரில் இருந்து ஆள் வந்தார். தேசிங்குவின் கையைக் குழியில் நீட்டச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை டேப் வைத்து நான்தான் அளந்து கொடுத்தேன். எங்கள் கம்பெனியில் குழிக்குள் இறங்கும் எல்லாருடைய கையுறையும் இப்போது அந்த நீளம்தான்.